காட்டுல முன் எக்ஸல் முறிஞ்சா: வாசகர் கேள்வி, போர்மேன் பதில்

எல்லாருக்கும் வணக்கம். மழ ஆரம்பிச்சிருச்சு, சுங்கை சிப்புட்ல எங்க பட்டறைக்கு வர்ற ஃபோர்வீல் காடிங்கள்ல பாதிக்கு முன் சக்கரத்துலதான் கோளாறு, உங்க கடிதமும் வாட்ஸ்அப்பும் அதே கதைதான் சொல்லுது. அதனால இந்த மாசம் வேற எதையும் எடுக்கல, முன்பக்க எக்ஸல் மட்டும்தான். முதல் பதில் கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க, ஏன்னா இதுல தப்பு பண்ணா நஷ்டம் காடியோட நிக்காது.

கேள்வி: வணக்கம் அண்ணே. எங்கிட்ட பழைய ஹைலக்ஸ், முன்னாடியும் லீஃப் ஸ்ப்ரிங், சாலிட் எக்ஸல். நாங்க மூணு பேரு பாலாக் ரோட்டுல (மரம் ஏத்துற லாரி போற காட்டு ரோடு) உள்ள போயிட்டு திரும்பறப்ப ஒரு பள்ளத்துல மாட்டிக்கிச்சு. ஸ்டீயரிங்க முழுக்க ஒடிச்சு ரிவர்ஸ் எடுத்தேன், 'டப்'புனு ஒரு சத்தம், அதோட முன்னாடி இழுக்கல. கூட்டாளி, ஹப்ப ஃப்ரீ பண்ணிட்டு (சக்கரத்த ஷாஃப்ட்டோட பூட்டற லாக்க தொறந்துட்டு) ஓட்டுடா ஒண்ணும் ஆகாதுன்னான். கொஞ்ச தூரம் நல்லாதான் வந்துச்சு, அப்புறம் ஒரு வளைவுல ஸ்டீயரிங் திரும்பவே மாட்டேன்னுருச்சு, ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். எப்படியோ பிரேக் பிடிச்சு நிறுத்திட்டேன். நாங்க செஞ்சது தப்பா அண்ணே?
(வாசகர், லாசா)

பதில்: தம்பி, மொதல்ல நீங்க மூணு பேரும் முழுசா வீடு வந்து சேந்ததுக்கு சாமிக்கு நன்றி சொல்லுங்க. தப்புதான். ஆனா இத பண்ணாத ஆளு இந்தப் பக்கம் ரொம்ப கம்மி, நானும் சின்ன வயசுல பண்ணியிருக்கேன், அதனாலதான் விவரமா எழுதுறேன்.

உங்களுக்கு உடைஞ்சது பர்ஃபீல்டு. முன் சக்கரம் சுத்தவும் செய்யணும், திரும்பவும் செய்யணும், அதுக்காக நக்கிளுக்கு (எக்ஸல் நுனில சக்கரத்தோட சேந்து திரும்புற உறை) உள்ள ஒரு ஜாயின்ட் இருக்கு, அதான் பர்ஃபீல்டு. வெளிய மணி மாதிரி ஒரு கிண்ணம், உள்ள நட்சத்திரம் மாதிரி ஒரு துண்டு, ரெண்டுக்கும் நடுவுல 6 எஃகு குண்டு, அந்த குண்டுங்கள பிடிச்சு வெக்க ஒரு கூண்டு. ஆல்ஃபிரட் ஜெப்பாங்கிறவரு 1920கள்ல போட்ட டிசைன் இது, இன்னைக்கும் அதான் ஓடுது. சக்கரம் நேரா இருக்கறப்ப 6 குண்டும் சமமா பாரம் தாங்கும். ஸ்டீயரிங்க கடைசி வரைக்கும் ஒடிச்சுட்டா குண்டுங்க கிண்ணத்தோட விளிம்புக்கு வந்துரும், ஒரு குண்டுக்கு ஒரு குண்டு பாரமும் சமமா இருக்காது, அந்த நேரத்துலதான் நாம ஆக்சிலேட்டர மிதிக்கிறோம். சும்மா ஒரு கணக்கு போட்டுப் பாருங்க, ஒண்ணாவது கியர் 4, லோ கியர் 2.28, டிஃப்ரன்ஷியல் 4ன்னு வெச்சுக்குவோம், மூணையும் பெருக்கினா இன்ஜினோட முறுக்கு 36 மடங்கா எக்ஸலுக்குப் போவுது. சேத்துல சும்மா சுத்திக்கிட்டு இருந்த டயரு திடீர்னு ஒரு வேரையோ கல்லையோ பிடிச்சா அந்த முறுக்கு போக எடமில்லாம கிண்ணம் பிளந்துரும், இல்லன்னா கூண்டு நொறுங்கும். ரிவர்ஸ்ல ஏன் அதிகமா உடையுதுன்னு நெறைய பேரு கேப்பாங்க. பள்ளத்துலேர்ந்து பின்னால ஏறுறப்ப காடியோட வெயிட்டு பூரா முன்னாடி சாயுது, அதனால முன் டயரு இறுக்கிப் பிடிக்குது, நாமளோ எப்படியாவது வெளிய வரணும்னு ஸ்டீயரிங்கையும் ஒடிச்சு வெச்சிருப்போம்.

இப்ப உங்க கூட்டாளி சொன்ன விஷயத்துக்கு வர்றேன். ஹப்ப ஃப்ரீ பண்ணி டூ வீல்ல போட்டா முன் ஷாஃப்ட்டுக்கு இழுவை இருக்காது, அது சரிதான். ஆனா உடைஞ்ச துண்டெல்லாம் நக்கிளுக்கு உள்ளதானே கெடக்கு. நீங்க ஸ்டீயரிங் திருப்புற ஒவ்வொரு தடவையும் அந்த ஜாயின்ட்டும் மடங்கி நிமிருது, அப்ப ஒரு துண்டோ ஒரு குண்டோ கிண்ணத்துக்கும் எக்ஸலோட உருண்டைக்கும் நடுவுல போயி சிக்கிக்கிச்சுன்னா ஆப்பு அடிச்ச மாதிரிதான், எவ்வளவு பலம் குடுத்தாலும் திரும்பாது. உங்களுக்கு ஆனது அதான்.

நான் எங்க பட்டறை பசங்களுக்கு சொல்றது ஒண்ணுதான், காட்டுல எது உடைஞ்சாலும் திரும்புதான்னு பாரு, அப்புறம் நிக்குதான்னு பாரு, இழுக்குதாங்கிறது கடைசி. இழுக்காத காடிய இன்னொரு காடி கயிறு போட்டு இழுத்துரும். திரும்பாத காடிய யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. காட்டுல மாட்டிக்கிட்ட நேரத்துல எல்லாருக்கும் ஃபோர்வீல் திரும்ப வரணும்னுதான் மனசு துடிக்கும், அத கொஞ்சம் அடக்குங்க.

அதனால அங்கயே கழட்டணும். மட்டமான எடம் பார்த்து நிறுத்தி, பின் சக்கரத்துக்கு கல்லு வெச்சு, ஜாக்கிக்கு அடியில பலகை போட்டு, எக்ஸலுக்கு அடியில கழட்டின ஸ்பேர் டயர தள்ளி விடுங்க, ஜாக்கி சறுக்கினா அதாவது தாங்கும். சக்கரத்த எடுங்க, பிரேக் காலிப்பர கழட்டி ஸ்ப்ரிங்ல கம்பி போட்டு கட்டுங்க, ஹோஸ்ல தொங்க விட்டா பிரேக்கும் போயிரும். ஹப்போட மூடிய தொறந்தா ஷாஃப்ட்டு நுனில ஒரு சர்க்ளிப் (பூட்டு வளையம்), அத எடுத்துட்டு ஹப் பாடியோட 6 நட்டையும் கழட்டுங்க. அதுல கூம்பு வாஷர் இருக்கும், வெறும் கையால வராது, பாடியோட பக்கத்துல சுத்தியால நாலு தட்டு தட்டினா தானா துள்ளி வரும். அப்புறம் 54 மில்லிமீட்டர் நட்டு. ஹப்பும் டிஸ்கும் வெளிய வர்றப்ப வெளி பேரிங் சேத்துல விழாம கையில பிடிங்க. அப்புறம் ஸ்பிண்டிலோட (சக்கரத்து பேரிங் உக்காந்திருக்கிற குழாய்) 8 நட்டு, கட்டைய வெச்சு தட்டினா ஸ்பிண்டில் வந்துரும். பர்ஃபீல்டோட வெளிப்பக்கத்துல ஒரு சப்பட்டையான எடம் இருக்கும், அது மேல வர்ற மாதிரி திருப்பினாதான் வெளிய வரும், இது தெரியாம ஒரு மணி நேரம் இழுத்துக்கிட்டு கெடந்த ஆளுங்கள பார்த்திருக்கேன். 6 குண்டும் வந்துச்சான்னு எண்ணுங்க. அஞ்சுதான் இருக்குன்னா ஆறாவது நக்கிள் உள்ள கிரீசுக்குள்ள ஒளிஞ்சிருக்கு, விரல விட்டு துழாவி எடுங்க.

கையில ஸ்பேர் ஷாஃப்ட்டு இருந்தா மாட்டுங்க, நக்கிள்ல முக்காவாசி மாலி கிரீஸ் (மாலிப்டினம் கலந்த கிரீஸ்) அடைங்க. இல்லன்னா ஷாஃப்ட்டு இல்லாமயே ஸ்பிண்டிலையும் ஹப்பையும் திரும்ப மாட்டிரலாம், ஏன்னா உங்க ஹைலக்ஸ்ல சக்கரம் நிக்கிறது ஸ்பிண்டில் மேல இருக்கிற ரெண்டு பேரிங்ல, ஷாஃப்ட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. டிஃப் எண்ணெய் ஒழுகும், அதுக்கு சுத்தமான துணிய உள் ஓட்டைல இறுக்கி அடைச்சு வால் வெளிய தெரியற மாதிரி விடுங்க, வீட்டுக்கு வந்ததும் மொத வேலையா எடுக்கணும். இன்னொரு பக்க ஹப்பையும் ஃப்ரீ பண்ணிட்டு டூ வீல்லயே வாங்க. ஃபோர்வீல் போட்டாலும் லாக்கர் (ரெண்டு பக்க சக்கரத்தையும் ஒண்ணா பூட்டி சுத்த வெக்கிற சாமான்) இல்லாத டிஃப்ல முறுக்கு பூரா ஷாஃப்ட்டு இல்லாத பக்கம்தான் ஓடும், பிரயோஜனம் இல்ல.

ஒரு எச்சரிக்கை, இத படிச்சுட்டு எல்லா காடிலயும் இதே மாதிரி ஷாஃப்ட்ட உருவிட்டு ஓட்டிராதீங்க. யூனிட் பேரிங் (ஒரே கட்டா வர்ற பேரிங்) வெச்ச காடிங்க இருக்கு, அதுல வெளி ஜாயின்ட்டோட தண்டும் அந்த பெரிய நட்டும்தான் பேரிங்க சேத்து பிடிச்சு வெச்சிருக்கு. அத எடுத்துட்டு ஓட்டினா பேரிங் பிரிஞ்சு சக்கரமே கழண்டு போவும். அந்த மாதிரி காடில உடைஞ்ச துண்டுங்கள எடுத்துட்டு வெளித் தண்ட மட்டும் திரும்ப உள்ள விட்டு நட்ட நல்லா இறுக்கணும்.

கேள்வி: ஐயா, என் பெரோடுவா கெம்பாரா, தோட்டத்து உள்ள தினமும் போயிட்டு வரும். ஸ்டீயரிங் ஒடிச்சு திரும்பறப்ப டக் டக் டக்குனு சத்தம், நேரா போறப்ப இல்ல. இன்னும் எத்தன நாள் ஓட்டலாம்?
(வாசகர், கோலகங்சார்)

பதில்: வெளி சிவி ஜாயின்ட் (மேல சொன்ன பர்ஃபீல்டோட ஜாதிதான்) போயிருச்சுங்க. கீழ குனிஞ்சு பாருங்க, ரப்பர் பூட்டு கிழிஞ்சு ரிம்மோட உள்பக்கம் பூரா கிரீஸ் தெறிச்சிருக்கும். கிரீஸ் வெளிய போயி செம்மண் உள்ள போயிருச்சு, அந்த மண்ணு உப்புத்தாள் மாதிரி குண்டுங்கள தேய்க்குது. எத்தன நாள்னு யாராலயும் சொல்ல முடியாது, சத்தம் வந்துட்டா பூட்டு மட்டும் மாத்தி பிரயோஜனமும் இல்ல, ஜாயின்ட்டையே மாத்துங்க. பூட்டுல சின்ன வெடிப்பு தெரிஞ்ச அன்னைக்கே மாத்தியிருந்தா செலவு கொஞ்சத்தோட போயிருக்கும். மத்தவங்களும் கேட்டுக்குங்க, எண்ணெய் மாத்துற ஒவ்வொரு தடவையும் நாலு பூட்டையும் கையால அமுக்கிப் பாருங்க.

கேள்வி: அண்ணே, என் ஜிம்னி 70 தாண்டினா, ரோட்டுல ஒரு பள்ளம் பட்டாலே ஸ்டீயரிங் பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆடுது. ஒரு கடைல ஸ்டீயரிங் டேம்பர் (ஆட்டத்த அடக்குற ஷாக்) மாத்தச் சொன்னாங்க, மாத்தினேன், ரெண்டு மாசம் நல்லா இருந்துச்சு, இப்ப மறுபடியும்.
(வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: தம்பி, டேம்பர் மாத்துறது காய்ச்சலுக்கு நெத்தில ஈரத்துணி போடுற மாதிரி, சூடு அடங்கும், நோவு அப்படியே இருக்கும். நல்ல எக்ஸல் டேம்பரே இல்லாம கூட ஆடாம போவணும்.

மொதல்ல ரிம்முக்கு உள்பக்கம் பாருங்க, காஞ்ச சேறு ஒரு பக்கமா ஒட்டியிருந்தாலே பேலன்ஸ் போயி ஆடும். அது இல்லன்னா முன் சக்கரத்த ஜாக்கி போட்டு தூக்கி, மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. லொடக்குனு ஆடுச்சுன்னா வீட்டுல யாரையாவது பிரேக்க மிதிச்சுக்கிட்டு இருக்கச் சொல்லிட்டு மறுபடியும் ஆட்டுங்க. பிரேக் மிதிச்சதும் ஆட்டம் நின்னா வீல் பேரிங். மிதிச்சும் ஆடினா கிங்பின் பேரிங், அதாவது நக்கிள் திரும்பறதுக்கு உள்ள பேரிங். இது காசில்லாத டெஸ்ட்டு, எந்த கடைக்கும் போவ வேணாம். ஜிம்னில நக்கிளுக்கு மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு பக்கமும் சேத்து 4 கிங்பின் பேரிங், ஆத்துத் தண்ணி பூந்து துரு பிடிச்சா சொரசொரன்னு ஆயிரும். மாத்துறப்ப நாலையும் சேத்து மாத்துங்க, ஷிம் (மெல்லிசு தகடு) போட்டு சரியான இறுக்கம் வெக்கத் தெரிஞ்ச ஆளா பாருங்க, சும்மா பழைய ஷிம்மையே திரும்ப போட்டு மூடறவங்ககிட்ட குடுக்காதீங்க. காயில் ஸ்ப்ரிங் ஜிம்னின்னா பான்ஹார்டு ராடோட (எக்ஸல் பக்கவாட்டுல நகராம பிடிக்கிற கம்பி) புஷ்ஷையும் அப்படியே பாத்துருங்க, அது தேஞ்சிருந்தாலும் இதே ஆட்டம்தான். அது வரைக்கும் ஆட ஆரம்பிச்சா ஸ்டீயரிங்கோட மல்லுக்கு நிக்காம கால எடுத்துட்டு மெதுவா வேகத்த குறைங்க.

கேள்வி: நான் 33 இன்ச் டயர் போட்டிருக்கேன், முன்னாடி லாக்கரும் இருக்கு. ரெண்டு தடவ பர்ஃபீல்டு போச்சு. குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு) ஷாஃப்ட்டு வாங்கலாமா, இல்ல ஒரிஜினலே போதுமா?
(வாசகர், ஈப்போ)

பதில்: இதுல நான் மனசு மாறின ஆளு. முன்னாடி எல்லாத்தையும் பலமா போடுங்கன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தேன். 4340 குரோமோலி நல்ல சாமான், சந்தேகமே இல்ல, பெரிய டயரும் லாக்கரும் இருந்தா கம்பெனி ஷாஃப்ட்டு தாங்காதுங்கிறதும் உண்மை. ஆனா பர்ஃபீல்டு உடையலன்னா அந்த முறுக்கு அடுத்த பலவீனமான எடத்த தேடிப் போவும். அது ஹப் லாக்கா இருந்தா நல்லது, அஞ்சு நிமிசத்துல மாத்திரலாம். டிஃப்போட கிரவுன் வீல் (பெரிய பல்சக்கரம்) பல்லா இருந்தா காட்டுல ஒண்ணும் செய்ய முடியாது. பின் எக்ஸலுக்கு செஞ்ச பல்லு செட்டையே முன்னாடி போட்டிருக்கிற காடில, முன்னால போறப்ப பல்லோட பலம் கம்மியான பக்கம்தான் பாரம் தாங்குது, அத மறந்துராதீங்க. ஹை பினியன் டிஃப்ல (சின்ன பல்சக்கரம் மேல தள்ளி இருக்கிற டிஃப்) இது தலைகீழ், முன்னால போறப்ப பலம், ரிவர்ஸ்லதான் பலவீனம், 80 சீரிஸ் லேண்ட் க்ரூஸர் வெச்சிருக்கிறவங்களுக்கு நான் சொல்றது புரியும்.

அதனால குரோமோலி போடுங்க, கூடவே ரெண்டு ஸ்பேர் ஹப் லாக்கும் வாங்கி வெச்சுக்குங்க, வீட்டு கரண்டுக்கு ஃபியூஸ் மாதிரி அது மொதல்ல போகட்டும். ஸ்டீயரிங் முழுக்க ஒடிச்சிருக்கறப்ப முன் லாக்கர ஆஃப் பண்ணுங்க. அத பழக்கமாக்கினா பாதி பர்ஃபீல்டு உயிர் தப்பும்.

பேரில்லாத மலிவு பர்ஃபீல்டு வேணாம். நான் ஒரு தடவ அவசரத்துக்கு ஒரு கடைல வாங்கி ஒரு வாடிக்கையாளருக்குப் போட்டேன், பாக்க பளபளன்னு இருந்துச்சு, ரெண்டாவது ட்ரிப்லயே கிண்ணம் மூணா பிளந்துச்சு, துண்ட எடுத்து பாத்தா உள்ள இரும்பு மணல் மாதிரி கரகரன்னு இருந்துச்சு. அவரு பிள்ளைங்களோட போயிருந்தாரு. என் காசுல ஒரிஜினல் வாங்கி மாட்டிக் குடுத்தேன், ஆனா அந்த ராத்திரி அவங்க ஆத்தங்கரைல உக்காந்திருந்தத நெனச்சா இன்னும் மனசு உறுத்துது.

கேள்வி: அண்ணே, நான் செம்பனைத் தோட்டத்துல மண்டோர் (கங்காணி). போன வாரம் தோட்டத்து பிக்கப் ஒரு மரக்கட்டைல மோதி டை ராட் (ரெண்டு முன் சக்கரத்தையும் இணைக்கிற ஸ்டீயரிங் கம்பி) வில்லு மாதிரி வளைஞ்சு போச்சு. ஒருத்தர் ரெண்டு பேட்டரிய இணைச்சு வெல்டிங் பண்ணலாம்னாரு, நெஜமாவே முடியுமா? ஆபத்தா?
(வாசகர், பீடோர்)

பதில்: முடியும், ஆபத்தும்தான், ரெண்டையும் சொல்றேன். ஆனா வளைஞ்ச டை ராடுக்கு வெல்டிங்கே தேவையில்ல.

ராட் வளைஞ்சா அதோட நீளம் குறையுது. ராட் எக்ஸலுக்கு பின்னாடி இருக்கிற காடில டயரோட பின்பக்கம் ரெண்டும் கிட்ட வந்து முன்பக்கம் விரிஞ்சுக்கும், ராட் முன்னாடி இருந்தா தலைகீழ். அப்படியே ஓட்டினா ரெண்டு டயரும் ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கும். கழட்டி எடுத்து ரெண்டு மரத்துக்கு நடுவுல, இல்ல ஒரு கவட்டைல குடுத்து, வின்ச்சோ ஹை லிஃப்ட் ஜாக்கியோ வெச்சு மெதுவா நிமித்துங்க. நிமித்தின இரும்பு மறுபடியும் அதே எடத்துல வளையும், அதனால அது மேல ஒரு துணை வெச்சு கட்டணும். தோட்டத்துல இருக்கிற உங்களுக்கு அதுக்கு கஷ்டமே இல்ல, சின்ன மரத்துல குலை குத்துற டோடோஸ் உளியோட இரும்புக் குழாய் கைப்பிடி போதும், இல்லன்னா எல் ஷேப் இரும்பு. உயரமான மரத்துக்கு வெச்சிருக்கிற அலுமினிய கம்பம் வேணாம், மெல்லிசு, மடங்கிரும். ராடோட ஒட்டி வெச்சு யூ போல்ட்டோ ஹோஸ் கிளிப்போ போட்டு மூணு நாலு எடத்துல இறுக்குங்க, ஒண்ணும் இல்லன்னா வேலிக் கம்பிய ரெட்டையா சுத்தி ஸ்க்ரூ டிரைவர விட்டு முறுக்குங்க. மாட்டினதுக்கு அப்புறம் ஒரு கயித்தால ரெண்டு டயருக்கும் நடுவுல முன்பக்கம் அளந்து முடிச்சு போடுங்க, அதே உயரத்துல பின்பக்கமும் அளங்க, ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணா இருந்தா காடி நேரா போவும்.

பேட்டரி வெல்டிங் வேற வழியே இல்லாதப்ப. ரெண்டு 12 வோல்ட் பேட்டரிய வரிசையா இணைச்சா 24 வோல்ட், மெல்லிசு ராடுக்கு அது சுமாரா ஓடும், மூணு இணைச்சு 36 வோல்ட் ஆனா நல்லா உருகும். பேட்டரிங்கள காடிலேர்ந்து முழுசா கழட்டி தரைல வைங்க, காடியோட ஒயர்ல மாட்டியே பண்ணா கம்ப்யூட்டர் எரிஞ்சு போவும். சார்ஜ் எறங்குறப்பவும் ஏறுறப்பவும் பேட்டரிலேர்ந்து ஹைட்ரஜன் வரும், ஒரு பொறி பட்டா வெடிச்சு ஆசிட் மூஞ்சில தெறிக்கும், அதனால கேபிள் எவ்வளவு நீளமோ அவ்வளவு தள்ளி வெச்சு ஈரக் கோணிய மேல போடுங்க, கடைசி கனெக்ஷன பேட்டரி பக்கத்துல குடுக்காதீங்க. கண்ணுக்கு வெல்டிங் கண்ணாடி இல்லன்னா பண்ணவே பண்ணாதீங்க, கறுப்பு கண்ணாடிய ரெண்டு மூணு சேத்து போட்டுக்கிட்டா போதும்னு சொல்றவங்க பேச்ச கேக்காதீங்க. துத்தநாகம் பூசின குழாய்ல வெல்டிங் வெச்சா வர்ற வெள்ளப் புகை விஷம், அன்னைக்கு ராத்திரியே காய்ச்சல்ல தூக்கிப் போடும். ஸ்டீயரிங் சாமான்ல வெச்ச வெல்டிங் எதுவா இருந்தாலும் வீடு வர்ற வரைக்கும்தான், வந்ததும் அத வெட்டி குப்பைல போட்டுட்டு புதுசு மாட்டுங்க. பத்திரமா எடுத்து வெச்சிருந்து அடுத்த வருசம் மறந்து போயி திரும்ப மாட்டுற ஆளுங்க இருக்காங்க.

கேள்வி: கேமரன் மலைல காய்கறி ஏத்துற டிஃபெண்டர் ஓட்டுறேன். முன்னாடி சிவி உடைஞ்சதும் காடி எந்தப் பக்கமும் நகரல, இன்ஜின் மட்டும் உறுமுது. கிளட்ச்சும் சேந்து போச்சா?
(வாசகர், ரிங்லெட்)

பதில்: கிளட்ச் நல்லாதான் இருக்கு. டிஃபெண்டர் எப்பவுமே நாலு சக்கரத்துலயும் ஓடுற காடி, நடுவுல ஒரு டிஃப் இருக்கு, அது சுலபமா சுத்துற பக்கத்துக்கே எல்லாத்தையும் அனுப்பிரும். முன்னாடி உடைஞ்சு வெறுமனே சுத்துதா, அவ்வளவுதான், பின்னாடி ஒண்ணும் போவாது. 1993ல சபாவுல நடந்த கேமல் டிராஃபி காட்டு ஓட்டப் போட்டில ஓடின டிஸ்கவரியும் இதே அமைப்புதான். டிஃப் லாக்க போடுங்க, பின் சக்கரம் இழுக்கும். அப்புறம் நான் மேல லாசா தம்பிக்கு சொன்ன மாதிரி உடைஞ்ச துண்டுங்கள எடுத்தே ஆவணும், மலை ரோட்டுல ஸ்டீயரிங் சிக்கினா என்ன ஆவும்னு உங்களுக்கு நான் சொல்ல வேணாம். உங்க காடிக்கு ஹப் நட்டு 52 மில்லிமீட்டர். முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டையும் (கியர் பக்கத்துலேர்ந்து முன் டிஃபுக்கு வர்ற தண்டு) கழட்டி பின்னாடி சாமான் வெக்கிற எடத்துல போட்டுக்குங்க. தார் ரோட்டுல டிஃப் லாக் போட்டு ஓட்டக்கூடாதுன்னு சொல்லுவாங்க, முன் ஷாஃப்ட்ட கழட்டிட்டா அந்த பயம் இல்ல, லாக்குலயே வீடு வரைக்கும் வரலாம்.

கேள்வி: முன் டிஃப் எண்ணெய் தே தாரிக் (பால் டீ) கலர்ல இருக்கு. நக்கிள்ல கிரீசும் தண்ணியா ஒழுகுது. ரெண்டும் ஒரே கோளாறா?
(வாசகர், ஜாலோங்)

பதில்: ரெண்டு கோளாறு, ஆனா ஒண்ணுக்கொண்ணு சொந்தம். தே தாரிக் கலர்னா தண்ணி பூந்திருக்கு. ஓடி ஓடி சூடான எக்ஸல நேரா கொண்டு போயி ஆத்துக்குள்ள விடுறோம், உள்ள இருக்கிற காத்து சட்டுனு குளுந்து சுருங்குது, அந்த இழுப்புல சீல் வழியா தண்ணிய உறிஞ்சிக்குது. பிரீதர் ஹோஸ (எக்ஸலுக்குள்ள காத்து போய் வர்ற குழாய்) இன்ஜின் ரூம் வரைக்கும் மேல ஏத்தி விடுங்க, கொஞ்சம் ஹோஸும் ரெண்டு கிளிப்பும்தான் செலவு. சுங்கை பிளஸ் மாதிரி ஆத்த தாண்டறதுக்கு முன்னாடி ஒரு கால் மணி நேரம் நிறுத்தி எக்ஸல ஆற விடுறதும் நல்லது.

கிரீஸ் தண்ணியா ஒழுகுறது உள் சீல் போனதால, டிஃப் எண்ணெய் நக்கிளுக்குள்ள வந்து கிரீச கரைக்குது. கரைஞ்ச கிரீஸ்ல பர்ஃபீல்டும் கிங்பின் பேரிங்கும் பட்டினி கெடக்கும். ரெண்டு சீலையும் மாத்தி, எல்லாத்தையும் கழுவி, புது கிரீஸ் அடைங்க. நக்கிள தொறந்த கையோட ஸ்டீயரிங் ஆர்ம பிடிச்சிருக்கிற நாலு ஸ்டட்டையும் டார்க் ரெஞ்ச் வெச்சு பாருங்க, அது லூசாகி வெட்டுப்பட்டா ஒரு பக்க சக்கரத்துக்கும் ஸ்டீயரிங்குக்கும் சம்பந்தமே இல்லாம போயிரும். எனக்கு பர்ஃபீல்ட விட இந்த ஸ்டட்டு மேலதான் பயம்.

கேள்வி: வணக்கம் அண்ணே. எனக்கு காடி பத்தி ஒண்ணும் தெரியாது. என் மகன் பழைய ஹைலக்ஸ் ஒண்ணு வாங்கி கூட்டாளிங்களோட காட்டுக்குப் போறான், ஒராங் அஸ்லி (பூர்வகுடி) கம்பத்துக்கு (கிராமம்) அரிசி, பள்ளிக்கூட சாமான் எல்லாம் கொண்டு போயி குடுக்குறாங்க, நல்ல காரியம், தடுக்க மனசு வரல. ஆனா அவன் திரும்பி வர்ற வரைக்கும் எனக்குத் தூக்கம் இல்ல. அவன்கிட்ட என்ன சாமான் இருக்கணும்னு சொல்லுங்க, நானே வாங்கி வெக்கிறேன்.
(ஒரு தாய், சுங்கை சிப்புட்)

பதில்: தங்கச்சி, உங்க கடிதத்த ரெண்டு தடவ படிச்சேன். பையன நல்லா வளத்திருக்கீங்க.

54 மில்லிமீட்டர் சாக்கெட் ஒண்ணு வாங்குங்க, அது இல்லாம முன் சக்கரத்துல எந்த வேலையும் நடக்காது, உளியால அடிச்சு நட்ட கெடுத்து வெச்சிருக்கிற காடிதான் என் பட்டறைக்கு அதிகம் வருது. சர்க்ளிப் பிளையர் ஒண்ணு. 8 மில்லிமீட்டர் போல்ட்டு ஒண்ணு நீளமா, அத ஷாஃப்ட்டோட நுனில திருகி வெளிய இழுத்தாதான் சர்க்ளிப் மாட்ட முடியும், சின்ன சாமான்தான், இல்லாதப்பதான் அதோட அரும தெரியும். ஷாஃப்ட்டோட சேத்து பூட்டின பர்ஃபீல்டு ரெண்டு பக்கத்துக்கும் ஒண்ணு ஒண்ணு, நீளம் வேற வேற, பழசா இருந்தாலும் நல்லதா இருந்தா போதும். கூம்பு வாஷரும் ஸ்டட்டும் ஒரு டப்பால, மாலி கிரீஸ் ஒரு டின், வேலிக் கம்பி ஒரு சுருள், ராச்செட் பெல்ட்டு ரெண்டு, நல்ல சங்கிலி ஒண்ணு. சங்கிலி எதுக்குன்னா லீஃப் ஸ்ப்ரிங்கோட சென்டர் போல்ட்டு வெட்டிக்கிச்சுன்னா எக்ஸல் பின்னால நகந்து போவும், அத முன்னால இழுத்து சேசிஸோட கட்ட வேற எதுவும் தாங்காது. அரிசி மூட்டைக்கு எடம் குறைஞ்சாலும் இதுக்கு எடம் விடச் சொல்லுங்க.

தனியா ஒரு காடியா போவக்கூடாது, அத கண்டிப்பா சொல்லிருங்க. எந்த பாலாக் ரோட்டுல நுழையறாங்க, எந்த கம்பம், எத்தன மணிக்கு திரும்பணும்னு ஒரு தாள்ல எழுதி உங்ககிட்ட குடுத்துட்டுப் போவணும், ஏன்னா உள்ள ஃபோன் லைன் கெடைக்காது. நேரம் தாண்டினா யாரு தேடி வரணும்னும் அதுலயே எழுதணும். உங்களுக்குத் தூக்கம் வராம இருக்கறதுக்கு பாதி காரணம் பையன் எங்க இருக்கான்னு தெரியாததுதான்.

இன்னொண்ணு, சாமான் வாங்கிக் குடுத்தா மட்டும் பத்தாது. ஒரு ஞாயித்துக்கிழமை வெயிலா இருக்கறப்ப வீட்டு வாசல்லயே ஒரு முன் சக்கரத்த ஷாஃப்ட்டு வரைக்கும் முழுசா கழட்டி மாட்டச் சொல்லுங்க. மொத தடவ நாலஞ்சு மணி நேரம் ஆவும், ஆவட்டும். அடுத்த வாரம் பொழுது சாஞ்சதுக்கு அப்புறம் இன்னொரு பக்கத்த கழட்டச் சொல்லுங்க, காட்டுல உடையறது பெரும்பாலும் இருட்டற நேரத்துலதான். அன்னைக்கு நீங்க பக்கத்துல உக்காந்து டார்ச்லைட்ட பிடிங்க.